மொழிபெயர்ப்பு மேசையில் எழுந்த வினா

வினா அறுவகைப்படும் என்பது நன்னூல் கற்ற மாணவர் யாவரும் அறிந்ததொன்று. அறிந்த ஒருவர் பிறரது அறிவை அளத்தற்கு வினாவுவதும் உண்டு. அறியாதவர் அறிதற்பொருட்டு வினாவுவதும் உண்டு. இதுவோ அதுவோ எனத் துணியமாட்டாது ஐயுற்று வினாவுவதும் உண்டு. ஒரு பொருளைக் கொள்ளுதற்கும், கொடுத்தற்கும், ஒரு தொழிலை ஏவுதற்கும் எழுவன ஏனைய மூன்றுமாம். கடைக்காரரை நோக்கிப் பயறு உளதோ என்று வினாவுவாரை எவரும் வெகுள்வதில்லை. ஆனால், ஞாயிறு வேதபாட வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, “ஐயா, இது மெய்யாகவே இவ்வாறு நிகழ்ந்ததோ?” என்று வினாவுவானாயின், வகுப்பு முழுவதும் மூச்சடங்கி ஆசிரியரின் முகத்தை நோக்கும். பெரும்பாலும், “விசுவாசமில்லாமற் பேசாதே, இரு” என்னும் அதட்டலோடு அவ்வினா அடங்கிவிடும். அச்சிறுவனுடைய உள்ளத்திலும் அஃது அடங்கிற்றோ என்பதை எவரும் கேட்பதில்லை.

கிறிஸ்தவ விசுவாசத்தை அசைக்கும் வினாக்கள் பகைவரிடமிருந்தே வருவன என்று கருதுவாருளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அவற்றுள் மிகக் கூரியன சில, வேதாகமத்தை வேற்றுமொழிக்கு ஆக்கிய மேசைகளிலே, மொழிபெயர்ப்பாளருக்குத் துணையாக அமர்ந்திருந்த சுதேசிகளிடமிருந்து எழுந்தன. அதற்குக் காரணம் உண்டு. நூலைப் படிப்பவர் தமக்கு விளங்காத இடத்தைத் தாண்டிச் செல்லலாம். பிரசங்கியார் தமக்கு வேண்டிய வசனத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றையவற்றை விட்டுவிடலாம். மொழிபெயர்ப்போருக்கு அச்சலுகை இல்லை. ஒவ்வொரு சொல்லின் முன்னும் நின்று, இதன் பொருள் யாது, இஃது எம்மவர் செவியில் எங்ஙனம் ஒலிக்கும் என்று அவர் வினாவியே ஆகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அத்தகைய மேசைகள் இரண்டு இருந்தன. ஒன்று தென்னாபிரிக்காவின் நேட்டால் நாட்டில். மற்றையது நமது யாழ்ப்பாணத்தில். அவ்விரண்டிலும் எழுந்த வினாக்களையும், அவற்றை எதிர்கொண்ட மனிதரையும் நோக்குவது இன்றும் நமக்குப் பயன்தருவதாகும்.

நேட்டால் அத்தியட்சர்

யோன் வில்லியம் கொலென்சோ 1814 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிற் பிறந்தவர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பரீட்சையில் 1836 இல் இரண்டாம் இடம் பெற்றவர். அவர் இயற்றிய எண்கணித நூலும் அட்சரகணித நூலும் ஆங்கிலப் பாடசாலைகளிற் பல்லாண்டுகள் வழங்கின. 1853 இல் அவர் நேட்டாலின் முதலாவது அங்கிலிக்கன் அத்தியட்சராக அபிடேகம் பெற்று, 1855 இல் குடும்பத்தோடு அந்நாட்டிற் குடியேறினார். பீற்றர்மரிற்ஸ்பேர்க் நகருக்கு அணித்தாக, ‘ஒளியின் இடம்’ எனப் பொருள்படும் சூலுப் பெயர் பூண்ட மிஷன் நிலையமொன்றை அமைத்தார். சூலு மொழியை அம்மக்களிடமே கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் செய்தார். வேதாகமப் பகுதிகளை அம்மொழியிற் பெயர்க்கும் பணியில் அவருக்குத் துணைநின்றவர் வில்லியம் என்கிடி என்னும் சூலுக் கிறிஸ்தவர்.

ஆதியாகமத்தின் சலப்பிரளய வரலாற்றை இருவரும் பெயர்த்துக்கொண்டிருந்தபொழுது என்கிடி ஐயுற்றார். இவையெல்லாம் மெய்தாமோ? வெப்பநாட்டு விலங்குகளும் குளிர்நாட்டு விலங்குகளும் சோடி சோடியாக வந்து பேழையில் ஏறினவோ? அவை யாவற்றுக்கும், ஊனுண்பனவற்றுக்குங்கூட, நோவா உணவு சேர்த்து வைத்தாரோ? இக்கருத்துப்பட அவர் வினாவினார். கொலென்சோ புவிச்சரிதவியல் ஓரளவு கற்றவர். உலகமுழுவதையும் ஒருங்கே மூடிய பிரளயம் அந்நூல் கூறுமாறு நிகழ்ந்திருத்தல் இயலாதென்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும், அதனை ஆராயாது ஒருபுறத்தே வைத்திருந்தார். இப்பொழுது தம்மை நம்பியிருந்த ஒருவர் எதிரே அமர்ந்து விடைக்காகக் காத்திருந்தார். ஆண்டவரின் பெயராற் பொய்யுரைக்கலாமோ என்னும் தீர்க்கதரிசியின் கடிதல் தம் நெஞ்சில் ஒலித்ததாகப் பின்னர் அவரே எழுதியுள்ளார்.

அம்மேசையில் எழுந்த இடர் இஃதொன்றன்று. யாத்திராகமத்தின் இருபத்தோராம் அதிகாரத்தில் அடிமைகளைப் பற்றிய கட்டளையொன்று உளது. எசமான் கோலால் அடித்த அடிமை உடனே இறவாமல் ஓரிரு நாள் உயிரோடிருப்பானாயின் எசமானுக்குத் தண்டனையில்லை என்றும், அடிமை அவனுடைய பணமே என்றும் அது கூறும். இச்சொற்களைத் தம் மொழியில் ஆக்க உதவிய சூலுக் கிறிஸ்தவர், இரக்கமுள்ள பரம பிதா எனத் தமக்குப் போதிக்கப்பட்டவரின் வாக்காகவே இவை கூறப்படுதலைக் கேட்டு அருவருத்து நின்றார் என்றும், அக்காட்சியைத் தம்மால் என்றும் மறத்தல் இயலாதென்றும் கொலென்சோ குறித்துள்ளார்.

இவ்விரு வினாக்களும் ஒரு தன்மையன அல்ல என்பதை ஈண்டு உற்று நோக்குதல்வேண்டும். முன்னையது, ‘இது நிகழ்ந்ததோ?’ என்பது. பின்னையது, ‘இது நீதியோ?’ என்பது. பிரளய வரலாற்றை உவமையாகக் கொண்டு அதனாற் போதிக்கப்படும் பொருளைப் பேணிக்கொள்ளுதல் ஒருவர்க்கு அரிதன்று. அடிமையைப் பணமென்ற வாக்கை அவ்வாறு எளிதில் உவமையாக்கிவிடல் இயலாது. மேலும், அதனைக் கேட்டு அருவருத்தவர் அந்நெஞ்சுணர்வை எங்கே பெற்றார்? சிறியரில் ஒருவர்க்குச் செய்தது தமக்கே செய்ததாம் என்று போதித்த கிறிஸ்துவினிடத்தன்றோ? ஆகவே அவ்வினா விசுவாசத்துக்குப் புறம்பே நின்று எறியப்பட்ட கல்லன்று. அஃது அதனுள்ளிருந்தே எழுந்தது.

கணக்கும் கண்டனமும்

கொலென்சோ ஆராயத் தொடங்கினார். மோசேயின் ஐந்நூல்களையும் யோசுவாவின் நூலையும் பற்றிய அவரது ஆராய்ச்சியின் முதற்பகுதி 1862 இல் வெளிவந்தது. ஏழாம் பகுதி 1879 இல் முற்றுப்பெற்றது. கணித ஆசிரியராதலின் அவர் எண்களிலேயே கைவைத்தார். எண்ணாகமத்தின்படி போருக்குரிய இசரவேல் ஆடவர் 6,03,550 பேர். முதற்பேறான ஆண்பாலார் 22,273 பேர். சிறுவரையும் சேர்த்து ஆண்பாலார் ஒன்பது இலட்சம் என்று கொள்ளின், ஒவ்வொரு தாய்க்கும் சராசரியாக நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்மக்கள் இருந்திருத்தல் வேண்டும். இத்தகைய கணக்குகள் பலவற்றைக் காட்டி, இந்நூல்கள் நிகழ்ச்சிகளை நேரிற் கண்டோர் எழுதிய வரலாறு ஆகா என்று அவர் முடிவு கூறினார்.

இங்கிலாந்து கொதித்தது. சூலு மக்களை மனந்திருப்பச் சென்ற அத்தியட்சரைச் சூலு ஒருவர் மனந்திருப்பிவிட்டார் என்று நகையாடினர் பலர். அந்நகையினுள்ளே மறைந்திருந்த செருக்கை நாம் காணாதிருத்தல் ஆகாது. வினாவின் தகுதியை ஆராயாமல், வினாவியவரின் நிறத்தை நோக்கி நகைத்தார்கள் அவர்கள். 1863 இல் கேப் ரவுணில் தலைமை அத்தியட்சர் றொபேட் கிறே முன்னிலையில் கொலென்சோமீது வேதப்புரட்டு வழக்கு நடந்து, அவர் பதவியினின்று நீக்கப்பட்டதாகத் தீர்ப்பாயிற்று. 1865 இல் இலண்டன் கோமறைக் கழகம், அத்தகைய தீர்ப்பளிக்கக் கிறேக்குச் சட்ட அதிகாரமில்லை என்றது. 1866 இல் அவர் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். 1869 இல் அவருக்கெதிராக வேறோர் அத்தியட்சர் அபிடேகம் பெற்றார். உலகெங்குமுள்ள அங்கிலிக்கன் அத்தியட்சர்கள் 1867 இல் முதன்முறையாக இலம்பெத்திற் கூடியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று.

வியப்பு யாதெனில், என்கிடியின் வினா திருச்சபைக்குப் புதிதன்று. இரண்டாம் நூற்றாண்டிலே அப்பெல்லெஸ் என்பார், வேதம் கூறும் அளவையுடைய பேழையில் நான்கு யானைகளே நிற்கலாம் என்று கூறி நகைத்தார். மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞராகிய ஒரிகன் அதனைப் பொருட்படுத்தி, முழத்துக்கு வேறு கணக்குக் காட்டி விடையிறுக்க முயன்றார். அவ்விடை நமக்கு நிறைவு தாராதாயினும், வினாவை அவர் வினாவாகவே மதித்தார். வானத்தையும் கோள்களையும் பற்றி நன்கறிந்த அவிசுவாசிகளின் முன்னே, வேதத்தின் பெயரால் அறியாமை பேசும் கிறிஸ்தவன் வேதத்துக்கே இழிவு தேடுகின்றான் என்று அகுஸ்தீனார் எச்சரித்ததும் ஏறத்தாழ ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர். முன்னோர் அஞ்சாது நோக்கியதைப் பின்னோர் அஞ்சி மறைத்தனர் என்க.

கொலென்சோவின் முடிபுகள் யாவும் சரியென்று நாம் சாதிக்கவேண்டியதில்லை. அவருடைய கணக்குகளில் வறட்சி மிகுதி. அவற்றைக் கற்றோர் உள்ளத்துக்கு ஊட்டம் யாது என்று வினாவியோருள் மத்தியூ ஆர்னல்ட் போன்ற பெரியாரும் இருந்தனர். ஆயின், ஒன்று நிச்சயம். வினாவை ஏற்றவர் விசுவாசத்தை இழப்பார் என்று அஞ்சியோர் அவர்திறத்தில் ஏமாந்தனர். அவர் தம் பணியைக் கைவிடவில்லை. 1873 இல் இலங்கலிபலேலே என்னும் குலத்தலைவர் சிறைப்பட்டு நீதியற்ற முறையில் விசாரிக்கப்பட்டபொழுது, அதுவரை தம்மை ஆதரித்த வெள்ளைக் குடியேறிகளின் பகைமையைத் தேடிக்கொண்டும் அவருக்காக வாதாடினார். 1879 சனவரியில் இசந்தில்வானாவில் ஆங்கிலப் படை சூலுப் படையினரால் முறியடிக்கப்பட்டது. நாடே பழிவாங்கத் துடித்த அவ்வேளையில், மார்ச்சு மாதத்தில், நீதி செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, தாழ்மையோடு நடத்தலைப் பற்றிய மீகா தீர்க்கதரிசியின் வாக்கை எடுத்து, ஆங்கிலேயர் சூலு மக்களுக்கு இழைத்த அநீதியைப் பீற்றர்மரிற்ஸ்பேர்க் ஆலயத்திலே கண்டித்துரைத்தார். 1883 இல் அவர் இறந்தார். ‘மக்களின் தந்தை’ எனப் பொருள்படும் ‘சொபாந்து’ என்னும் பெயராலேயே சூலு மக்கள் அவரை வழங்கினர். அடிமையைப் பற்றிய வினாவுக்கு அவர் ஏட்டில் அளித்த விடையினும், வாழ்வில் அளித்த இவ்விடை பெரிது.

யாழ்ப்பாணத்து மேசை

இனி நமது நாட்டுக்கு வருவோம். உவெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தைப் புதிதாகத் தமிழிற் பெயர்க்கும் பணியை மேற்கொண்டபொழுது, அவருக்குத் துணையாயிருந்தவர் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. பிற்காலத்து ஆறுமுக நாவலர். 1822 இற் பிறந்த அவர் பேர்சிவலின் பாடசாலையிலே ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். சைவ ஆசாரத்தினின்றும் அணுவளவும் வழுவாமலே வேதாகமத்தை எழுத்தெழுத்தாகப் பயின்றார். பேர்சிவலும் அவரை மதம் மாறுமாறு நெருக்கித் துரத்தாமல், அவர் தமிழின் அருமையறிந்து தம்மருகே வைத்திருந்தார். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1848 இல், வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நாவலர் தொடங்கிவிட்டார். 1854 இல் அவரது ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தது.

அக்காலத்தில் மிஷனரிமார் துண்டுப் பிரசுரங்களிலும் பிரசங்கங்களிலும் சைவக் கிரியைகளைப் பேதைமையெனப் பழித்து வந்தனர். 1841 இல் தோன்றிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையும் சமய வாதங்களுக்கு ஒரு களமாயிற்று. நாவலரோ பழிப்புக்குப் பழிப்பு என்ற அளவில் நின்றுவிடவில்லை. தாம் மொழிபெயர்த்த நூலையே எடுத்துக்கொண்டு வினாவினார். கோயிலும், குத்துவிளக்கும், தூபமும், அபிடேக தைலமும், பலியும், திருவிழாவும், தீட்டும், தீட்டு நீக்கும் நீராட்டும் உங்கள் கடவுளாலேயே மோசேக்கு விதிக்கப்பட்டனவாக உங்கள் வேதம் கூறுகின்றதே. அங்கே தெய்வ விதியானவை இங்கே பேதைமையானது எங்ஙனம்? இதுவே அவர்தம் வினாவின் சாரம்.

என்கிடியின் வினா ஐயவினா. நாவலரது வினா அறிவினா. நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட பெருமகனார், அந்நூல் கூறும் முதல் வினாவையே பாதிரிமார் முன் வைத்தார் என்னலாம். கிறிஸ்தவர் இதற்கு இறுத்த விடை, பழைய ஏற்பாட்டுக் கிரியைகள் வரப்போகும் பொருளின் நிழல்கள் என்பதும், கிறிஸ்துவிலே அவை நிறைவெய்தின என்பதுமாம். எபிரெயருக்கு எழுதிய நிருபம் விரித்துரைப்பதும் இதுவே. இவ்விடை, கிறிஸ்தவர் ஏன் அக்கிரியைகளைச் செய்வதில்லை என்பதை விளக்கப் போதுமானது. ஆனால் நாவலர் வினாவியது அதனையன்று. விளக்காலும் புகையாலும் நீராலும் ஒரு சாதியாரைக் கடவுள் ஒருகாலத்திற் பயிற்றினார் என்று நம்புவோர், அவ்விளக்கையும் புகையையும் நீரையும் அயலவனிடத்திற் காணும்பொழுது நகைக்கலாமோ என்பதே அவர் வினாவியது. இதற்கு நேர்மையான விடை ஒன்றேயுண்டு. நகைத்தல் தவறு என்பதே அது. அவ்வாறு உடன்படுதலாற் கிறிஸ்துவிடத்து வைத்த விசுவாசம் குறைந்துவிடுமோ? குறையாது. குறைவது அகந்தை மாத்திரமே. அயலவரின் வினா, நமது வேதத்தில் நாம் படியாது விட்ட ஏடுகளைப் படிக்குமாறு நம்மை ஏவுமாயின், அதற்கு நன்றி கூறுதலே முறை.

விடையில்லா வினா

நிகழ்ந்ததோ என்பதற்கு ஆராய்ச்சி விடைகூறும். நீதியோ என்பதற்கு நெஞ்சும் வாழ்வும் விடைகூறும். எமக்கொரு நியாயம் உமக்கொரு நியாயமோ என்பதற்குத் தாழ்மை விடைகூறும். இவற்றுக்கு அப்பால் நான்காவதாக ஒரு வினா உண்டு.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே கடல் எழுந்து நமது கரையோர ஊர்களை வாரிச் சென்றது. இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் மாண்டோருள் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற சிறுவரும் இருந்தனர். கல்லறை திறந்த நாளிலே கல்லறைகள் தோண்டப்பட்டன. “ஏன்?” என்று ஒரு தாய் வினாவும்பொழுது, அஃது ஆறு வினாக்களுள் எதனுள் அடங்கும் என்று இலக்கணம் பேசுதல் கொடுமை.

அத்தாய்க்கு விடைசொல்ல விரைவோர் யோபுவின் நூலை ஒருமுறை முழுவதும் படித்தல் நன்று. மக்களையும் பொருளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் இருந்த யோபுவிடம் மூன்று நண்பர் வந்தனர். ஏழு நாள் அவர்கள் வாய்திறவாது உடனிருந்தனர். அதுவரையில் அவர்கள் நல்ல நண்பராகவே இருந்தனர். பின்னர் வாய்திறந்து, பாவஞ் செய்தாய், ஆதலின் துன்புற்றாய் என்று கடவுளுக்காக வாதாடத் தொடங்கினர். யோபுவோ கடவுளையே வழக்குக்கு அழைத்தார். நூலின் முடிவிற் கடவுள் சினந்தது யாரை? தமக்காக வாதாடிய நண்பரையே. தம்மோடு வழக்காடிய யோபுவே தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினார் என்றார். இத்தகைய நூலொன்றை வேதத்தினுள்ளே வைத்துப் போற்றும் சமயத்தார், வினாவைப் பாவமென்று கூறுதற்கு இடமில்லை. காயங்களைக் காணாமல் நம்பேன் என்ற தோமையாரையும் கிறிஸ்து தள்ளிவிடவில்லை, அக்காயங்களையே காட்டினார். சிலுவையிலே கிறிஸ்துவின் வாயிலிருந்து எழுந்ததும், தம்மை ஏன் கைவிட்டீர் என்னும் வினாவேயன்றோ?

ஆசிரியர் கடன்

நன்னூல் வினாவை ஆறாக வகுத்து, விடையை எட்டாக வகுத்தது. சுட்டிக் காட்டலும், மறுத்தலும், உடன்படலும், ஏவலும், எதிர் வினாதலும், உற்றதை உரைத்தலும், உறுவதைக் கூறலும், இனமான பிறிதொன்றைக் கூறலும் என்பன அவை. இவ்வெட்டனுள் ‘அறியேன்’ என்பதற்குத் தனிப்பெயர் இல்லை. ஆயினும் சமயம் போதிப்போர் மாணவர் முன் சொல்லப் பழகவேண்டிய விடை அதுவே. அறியாததை அறிந்ததாகக் காட்டும் ஆசிரியர், மாணவன் வளர்ந்து அப்பொய்யை உணரும் நாளில், அப்பொய்யோடு சேர்த்து மெய்யையும் அவன் எறிந்துவிடக் காரணராகின்றார்.

எனவே, வேதபாடம் கற்பிப்போர் மூன்றனைக் கைக்கொள்ளுதல் நலம். முதலாவது, வினாவை வகையறிந்து கேட்டல். உயிர்களின் தோற்றத்தையும் பூமியின் வயதையும் பற்றி வினாவும் மாணவனுக்கு விஞ்ஞான ஆசிரியர் கூறும் விடையை மறைத்தலாகாது. பெற்றோரை இழந்து வினாவும் மாணவனுக்கு விஞ்ஞானமும் வேண்டா, வாதமும் வேண்டா, அருகிருத்தலே வேண்டும். இரண்டாவது, வினாவியவரின் சாதியையும், சமயத்தையும், வயதையும் நோக்காது வினாவின் தகுதியை நோக்கல். மூன்றாவது, உடன்படவேண்டிய இடத்தில் உடன்படல். தவறொன்றை ஒப்புக்கொண்டமையாற் சாய்ந்துவிடும் விசுவாசம், ஒப்புக்கொள்ளாது விட்டாலும் ஒருநாள் சாய்ந்தே தீரும்.

வேதாகமத்தை நமது மொழியிலே படிக்கின்ற நாம் ஒவ்வொருவரும் ஒரு மொழிபெயர்ப்பு மேசையின் பயனைத் துய்க்கின்றோம். அத்தகைய மேசைகளில் வினாவாது தலையசைத்தவர்கள் மாத்திரம் இருந்திருப்பின், நமக்குக் கிடைத்திருப்பது பொருளறியாத ஒலியாகவே இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு வகுப்பில் அச்சிறுவன் எழுந்து வினாவும்பொழுது அவனை இருத்திவிட விரையாதிருப்போமாக. அவன் எழுந்து நிற்பது, அந்நூலை அவன் உண்மையாகவே படித்தான் என்பதற்குச் சான்றாகும்.